கசகசாவுக்கு முடி கொட்டிய கதை

சொன்னதைச் சொன்னபடி செய்கிறவர்கள் இந்த உலகத்தில் ரொம்பக் குறைவு. அந்தக் குறைவான பேரில் நாலு பேர் ஓடைக்கல்பட்டியில் கல்யாணச் சமையல் செய்துகொண்டிருந்தார்கள். கூடவே ஒரு பூனையும் இருந்தது. பூனை யார் சொன்னதையும் கேட்காது. அதனால் அந்தச் சமையல்கூடத்தில் விவரமான ஆள் அது ஒன்றுதான் என்று ஊருக்குள் ஒரு பேச்சு உண்டு.

நாலு பேருக்கும் தலைவர் நாச்சிமுத்து மாஸ்டர். காய் நறுக்குகிறவன் வேலாண்டி. அடுப்பு பார்க்கிறவன் தங்கப்பழம். பந்தியில் பரிமாறுகிறவன் சின்னமாயன். கைப்பக்குவத்தில் சுற்றுவட்டாரத்தில் இவர்களை அடிக்க ஆள் கிடையாது. கொதி வந்ததும் இறக்கு என்றால் கொதி வந்ததும் இறக்குவார்கள். அதுவரைக்கும் பக்கத்தில் பந்தல் தீப்பிடித்து எரிந்தாலும் நகர மாட்டார்கள். அப்படி ஒரு தடவை எரியவும் செய்தது. சாம்பார் நன்றாக இருந்தது.

இன்னொரு சங்கதி. முந்நூறு பேருக்குக் குறைத்து அவர்களுக்குச் சமைக்கத் தெரியாது. மாஸ்டருக்கு ஒரு டீ குடிக்கத் தோன்றினால் அன்றைக்குத் தெருவுக்கே டீ.

பூனையின் பெயர் கசகசா. வெள்ளை உடம்பில் சாம்பல் நிறப் புள்ளிகளைத் தூவிவிட்ட மாதிரி இருக்கும். அரிசி மூட்டைப் பக்கம் எலி வராமல் பார்த்துக்கொள்வது அதன் உத்தியோகம். மாஸ்டருக்குக் குடும்பம் கிடையாது. வேலை முடிந்து மத்தியானம் கயிற்றுக் கட்டிலில் சாய்ந்தால் கசகசா வந்து அவர் வயிற்றின் மேல் ஏறிப் படுக்கும். அந்த நேரத்தில் மந்திரியே வந்து கூப்பிட்டாலும் அவர் எழுந்திருக்க மாட்டார், பூனையின் தூக்கம் கெட்டுவிடுமே என்று. அவருக்கு அந்தப் பூனை என்றால் உயிர்.

ஐப்பசி வாக்கில் அந்தக் கசகசாவுக்கு முடி கொட்ட ஆரம்பித்தது. முதலில் வயிற்றில் போயிற்று. பிறகு விலாவில். பிறகு முதுகிலும் திட்டுத் திட்டாகத் தோல் தெரிந்தது. தூரத்திலிருந்து பார்த்தால் உரித்த கோழி ஒன்று வாலோடு நடந்து போவது மாதிரி இருந்தது.

பாவம் என்று பரிதாபப்பட்டுக்கொண்டே இருந்திருப்பார்கள். அதற்குள் ரைஸ்மில் உலகப்பன் வந்துவிட்டார். தைமாதம் அவர் மகளுக்குக் கல்யாணம். சமையலுக்கு இவர்களைத்தான் பேசியிருந்தார். ருசி பார்க்க வந்தவர் கேசரியை ஒரு வாய் போட்டார். போட்டவர் முகம் கோணிற்று. இரண்டு விரலால் நாக்கிலிருந்து எதையோ எடுத்து வெளிச்சத்தில் பிடித்தார்.

“என்னய்யா இது?”

சின்னமாயன் எட்டிப் பார்த்து, “முடி, முதலாளி” என்றான். பெரியவர்கள் கேட்டால் உடனே பதில் சொல்ல வேண்டும் என்று அவனுக்குச் சொல்லி வளர்த்திருக்கிறார்கள்.

“முடின்னு எனக்குத் தெரியாதாய்யா? எங்க சம்பந்தி கோட்டைச்சாமி எப்பேர்ப்பட்ட ஆளுன்னு தெரியுமா? போன வருசம் ஒரு விருந்துல இலையில ஒத்த முடி கெடந்துச்சுன்னு, பேசி முடிச்ச சம்பந்தத்தையே வேண்டாம்னு எந்திரிச்சுப் போன மனுசன்யா அவரு! எம் மக கல்யாணத்துலயும் அப்படி எந்திரிச்சுப் போயிட்டா அந்தப் புள்ள கதி என்ன?”

நாலு பேரும் தலையைக் குனிந்து நின்றார்கள். பூனை கேசரிச் சட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தது.

“பந்தக்கால் ஊன்றதுக்கு முன்னாடி ஒரு நாள் வருவேன். இந்தக் கூடத்துல ஒத்த முடி உதுந்து கெடந்தாலும் சமையல் வேற ஆளுக்குத்தேன். இல்லையா, இந்தப் பூனைய எங்கிட்டாவது கொண்டுபோயி விட்டுருங்க. அம்புட்டுதேன் சொல்லிட்டேன்.”

அவர் போனதும் மாஸ்டர் அரிசி மூட்டை மேல் உட்கார்ந்துவிட்டார். “பூனைய விட்டா நானும் அதுகூடவே போயிருவேன்டா” என்று அழுதார். மற்றவர்களும் அழுதார்கள். வேலாண்டி வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்ததால் அவன் எதற்காக அழுதான் என்று மட்டும் சொல்ல முடியவில்லை.

அழுது முடித்துவிட்டு ஆலோசனை செய்ய உட்கார்ந்தார்கள்.

“முடி எதுக்குடா போகும்?” என்று மாஸ்டர் ஆரம்பித்தார்.

“நமக்கு எதுக்குப் போகுது? வேண்டிக்கிட்டா மொட்ட போடுறோம். அதுவும் எதையாவது வேண்டியிருக்கும்ணே” என்றான் தங்கப்பழம்.

“வேண்டியிருந்தா ஒரேயடியா எறக்கணும்ல? ஏன் தவணையில எறக்குது?” இது வேலாண்டி.

“கோயிலுக்குக் கூட்டிட்டுப் போக ஆள் இல்ல. அதனால இருந்த எடத்துலயே கொஞ்சங் கொஞ்சமாக் குடுக்குது.”

“எந்தக் கோயிலுக்குன்னு எப்படித் தெரிஞ்சுக்கிறது? அதோட குலதெய்வம் எதுன்னு யாருக்குத் தெரியும்?”

சின்னமாயன் பூனையின் அருகில் போய்க் குனிந்து மரியாதையாகக் கேட்டான். பூனை கொட்டாவி விட்டது. கொட்டாவியில் இருந்து தெய்வத்தின் பெயரை எடுக்க முடியவில்லை. அதனால் கால்நடை ஆஸ்பத்திரிக்குப் போவது என்று முடிவாயிற்று.

அங்கே டாக்டர் மங்கையர்க்கரசி அப்போதுதான் ஒரு எருமையோடு மல்லுக்கட்டி முடித்திருந்தார். அந்தக் களைப்பிலும் கசகசாவை மேசை மேல் வைத்து, முடியை விலக்கி விலக்கி நன்றாகப் பார்த்தார்.

“பூனைக்குத் தினமும் கொஞ்சம் முடி உதிரத்தான் செய்யும். ஆனா இப்படித் திட்டுத் திட்டா வழுக்கையாகுறது சரி கிடையாது. இதுக்குப் பல காரணம் இருக்கு. தெள்ளுப்பூச்சி கடிச்சா வரும். படர்தாமரை வந்தா வரும். சாப்பாடு ஒத்துக்கலைன்னா வரும். மனசுல ஏதாவது கவலை இருந்தாலும் சில பூனை தன்னைத்தானே நக்கி நக்கி முடிய எடுத்துரும்.”

“அதுக்கு என்ன டாக்டரம்மா கவலை? மூணு வேளையும் கல்யாணச் சாப்பாடு” என்றார் மாஸ்டர்.

“பூச்சி இல்ல. படர்தாமரையும் இருக்கிற மாதிரி தெரியல. எதுக்கும் உதிர்ந்த முடிய எடுத்துட்டு வாங்க, பாத்துருவோம். அப்புறம் முக்கியமா ஒண்ணு. முடி தானா உதிருதா, இல்ல நக்கி எடுக்குதான்னு எனக்குத் தெரியணும். வீட்டுக்குப் போயி, பூனைய கண்ண எடுக்காம பாருங்க.”

வந்ததும் நாலு பேரும் பூனையைச் சுற்றிச் சம்மணம் போட்டு உட்கார்ந்தார்கள். கண்ணை எடுக்காமல் பார்த்தார்கள்.

கொஞ்ச நேரத்தில் வேலாண்டிக்கு ஒரு சந்தேகம். “மாஸ்டர், கண்ண சிமிட்டலாமா?”

மாஸ்டர் பூனை மேல் வைத்த கண்ணை எடுக்காமலே யோசித்தார். “சிமிட்டுற நேரத்துல பாக்க மாட்டோமே. அது கண்ண எடுத்த மாதிரிதானடா?”

கடைசியில் முறை வைத்துக்கொண்டார்கள். “நான் சிமிட்டுறேன், நீங்க பாத்துக்கங்க” என்று ஒருவன் சொல்வான். சிமிட்டி முடித்ததும் “சிமிட்டிட்டேன்” என்று சொல்ல வேண்டும். பிறகு அடுத்தவன். அன்றைக்கு ஒரு காதுகுத்து வீட்டுக்குப் பருப்பு வேக வேண்டியிருந்தது. அதைப் பார்க்கும்படி யாரும் சொல்லவில்லை, அதனால் அது கரியாகிப் போயிற்று. கசகசாவுக்கும் நாலு ஆட்கள் இப்படி உற்றுப் பார்ப்பது புதுசு. அதுவும் அசையாமல் இவர்களையே பார்த்துக்கொண்டிருந்தது.

உதிர்ந்த முடி விஷயத்தில் வேறு சிக்கல். கூடம் முழுக்கக் கூட்டியும் ஒரு பிடி முடிதான் தேறியது. “இத எப்படிடா ஒரு டாக்டருக்குக் கொண்டுபோயிக் குடுக்கிறது? சின்னக் கரண்டிக்குக் காணாது” என்று மாஸ்டர் வருத்தப்பட்டார். சின்னமாயன் ஒரு அண்டாவைத் தூக்கிக்கொண்டு ஊரில் இருந்த சலூனுக்கெல்லாம் போய் வந்தான். அண்டா நிறைந்தது. பூனை முடியை மேலே தூவி, நன்றாகக் கிளறி, வாழை இலையால் மூடி எடுத்துப் போனார்கள்.

டாக்டர் இலையை விலக்கினார். ஒரு குச்சியால் கிளறிப் பார்த்தார்.

“இதுல பாதி நரை முடி. இது சாயம் போட்டது. இது மீசை. இவ்வளவும் பூனையோடதா?”

“பூனையோடது மேலாப்புல இருக்கும்மா, தாளிச்ச மாதிரி.”

“சரி, அத விடுங்க. பாக்கச் சொன்னேனே, நக்குச்சா?”

“இல்லைங்கம்மா. நாங்க அதப் பாத்தோம். அது எங்களப் பாத்துச்சு.”

“நீங்க எதிர்ல உக்காந்து மொறச்சா அது எப்படி நக்கும்? அதுக்குத் தெரியாம மறைஞ்சு இருந்து பாருங்க. சாப்பாட்டையும் மாத்திப் பாப்போம். கோழிக்கறிய உப்பு, காரம், மசாலா எதுவும் போடாம சும்மா வேகவச்சுக் குடுங்க. வேற ஒண்ணும் குடுக்கக் கூடாது.”

மறைந்திருப்பதற்கு அந்தக் கூடத்தில் அண்டாவை விட்டால் நல்ல இடம் ஏது? ஆளுக்கொரு அண்டாவில் இறங்கி உட்கார்ந்து, பூனைக்குத் தெரியக் கூடாது என்று மூடியையும் இழுத்து மூடிக்கொண்டார்கள். பூனைக்கு ஒன்றும் தெரியவில்லை. அவர்களுக்கும் ஒன்றும் தெரியவில்லை. வெளியே வந்தபோது அரிசி மூட்டை ஓரமாக இன்னும் கொஞ்சம் வெள்ளை முடி கிடந்தது. “தானாத்தேன் உதுந்திருக்கு. நான் பாத்துக்கிட்டே இருந்தேன், அது நக்கவே இல்ல” என்றான் அண்டாவுக்குள் தூங்கிவிட்ட தங்கப்பழம்.

கோழிக்கறி முந்நூறு பேருக்கு வெந்தது. கசகசா ஒரு துண்டைத் தின்றுவிட்டு நகர்ந்தது. மீதியை என்ன செய்வது? ஊரைக் கூப்பிட்டார்கள். என்ன விசேஷம் என்று கேட்டவர்களிடம் சின்னமாயன், “கசகசாவுக்கு முடியல” என்று வருத்தமாகச் சொன்னான். போய்ச் சேர்ந்துவிட்டதாக்கும் என்று ஊரே நினைத்துக்கொண்டது. உப்பில்லாத கறியைத் துக்க வீட்டுச் சாப்பாடு என்று ஒன்றும் சொல்லாமல் சாப்பிட்டார்கள். “நல்ல பூனை, யார் வம்புக்கும் போகாது” என்று ஒரு பெரியவர் கண்ணைத் துடைத்தார். அந்தச் சமயம் கசகசா, உடம்பில் முடியில்லாமல், பந்தியின் குறுக்கே நடந்து போனது. பாதிப் பேர் இலையை விட்டு எழுந்து ஓடினார்கள்.

இந்தச் செய்தி எப்படியோ டாக்டர் காதுக்கும் போயிற்று. இனி இவர்களைப் பார்க்கச் சொல்லிப் பயனில்லை, நாமே போய்ப் பார்த்துவிடுவோம் என்று ஒரு நாள் மத்தியானம் அவரே சமையல்கூடத்துக்கு வந்தார்.

உள்ளே மைசூர்பாகு கிண்டிக்கொண்டிருந்தார்கள். நெய் வாசனை தெருமுனை வரைக்கும் வந்தது. டாக்டர் வாசலிலேயே நின்று பார்த்தார். வேலாண்டி நெய் டின்னுக்குள் கையை விட்டு வழித்துப் போட்டான். கசகசா அந்தப் பக்கமாகப் போனது. வேலாண்டி குனிந்து, இரண்டு கையையும் அதன் முதுகில் முன்னும் பின்னுமாகத் துடைத்துக்கொண்டு வேலையைப் பார்த்தான். அடுத்து தங்கப்பழம் அதன் விலாவில் துடைத்தான். கடைசியில் மாஸ்டர் அதைத் தூக்கி, கொஞ்சிவிட்டு, வயிற்றில் துடைத்தார். கசகசா மூட்டை மேல் ஏறி உட்கார்ந்து நக்க ஆரம்பித்தது. அதன் நாக்கு தேங்காய்த் துருவி மாதிரி. நெய்யும் வந்தது, முடியும் வந்தது.

டாக்டர் உள்ளே வந்து கேட்டார். “என்ன பண்றீங்க?”

“மைசூர்பாகும்மா.”

“பூனைய என்ன பண்றீங்க?”

மாஸ்டர் பொறுமையாக விளக்கினார். “எங்களுக்குத் தொழில் சொல்லிக்குடுத்தவரு நெய்ய மட்டும் வீணாக்காதீங்கடான்னு சொல்லிட்டுப் போயிருக்காரும்மா. துணியில தொடச்சா துணியா திங்கப் போகுது? கழுவுனா சாக்கடைக்குப் போகும். பூன மேல தொடச்சா ஒரு சொட்டு வீணாகாது. அது நக்கிக்கிரும்.”

“இது எப்ப இருந்து நடக்குது?”

“தீபாவளிப் பலகாரத்துக்கு நெய் டின் எறக்குனதுல இருந்துதேன். அதுக்கு முந்தி எண்ணெய்தான. எண்ணெய்ய துணியிலதேன் தொடப்போம்.”

டாக்டர் அப்படியே அரிசி மூட்டை மேல் உட்கார்ந்தார். “முடி எதனால கொட்டுதுன்னு நான் அத்தன தடவ கேட்டேனே, இத ஏன் சொல்லல?”

“நீங்க பூனையத்தானம்மா பாக்கச் சொன்னீங்க. எங்களப் பாக்கச் சொல்லலையே.”

டாக்டர் எழுந்தார். வெந்நீரில் துணியை நனைத்துப் பூனையின் மேலிருந்த நெய்யைத் துடைத்தெடுத்தார். பழக்கத்தில் இன்னும் கொஞ்ச நாள் நக்கும் என்று அதன் கழுத்தில் பிளாஸ்டிக் கூம்பு ஒன்றை மாட்டினார். வாய் அகன்ற பக்கம் முகத்தைச் சுற்றி நின்றது. உடம்பை நக்கத் திரும்பினால் கூம்பு தடுத்தது.

“நல்லாக் கேட்டுக்கங்க. இனிமே பூனை மேல கை தொடைக்கக் கூடாது. இந்தக் கூம்ப முடி முழுசா வளர்ற வரைக்கும் கழட்டக் கூடாது. சாப்பிடச் சிரமப்படும், அப்ப மட்டும் கொஞ்சம் உதவி பண்ணுங்க. அவ்வளவுதான்.”

“அவ்வளவுதானே?” என்றார் மாஸ்டர் சந்தோஷமாக.

உதவி செய்கிற பொறுப்பு சின்னமாயனுக்கு. பரிமாறுகிறவன் கண்ணுக்கு விரிந்து கிடப்பதெல்லாம் இலைதான். கசகசா தட்டுக்குக் குனியத் தெரியாமல் தவித்ததும் அவன் கூம்புக்குள்ளேயே பரிமாறினான். கோழிக்கறியை நடுவில் வைத்தான். பூனை இருந்த இடத்தில் இருந்தபடியே தின்றது. இவ்வளவு வசதியாக அது பிறந்ததிலிருந்து சாப்பிட்டதில்லை.

மார்கழி பிறந்ததும் கசகசாவுக்குப் பஞ்சு பஞ்சாக முடி முளைத்தது. மாதக் கடைசியில் புசுபுசுவென்று பழைய பூனையாகிவிட்டது. மாஸ்டர் கூம்பைக் கழற்றிவிட்டு அதைக் கட்டிக்கொண்டு ஒரு பாட்டம் அழுதார். இந்த முறை சந்தோஷத்தில்.

இதோடு கதை முடிந்திருக்க வேண்டும். நெய் விஷயம் பாக்கி இருந்ததே.

டாக்டர் பூனை மேல் கை துடைக்கக் கூடாது என்று சொன்ன அன்றைக்கே இதைப் பற்றிக் கூட்டம் போட்டிருந்தார்கள்.

“நாய் மேல தொடைக்கலாமே? டாக்டரம்மா நாயச் சொல்லல” என்றான் வேலாண்டி.

“நம்மகிட்ட நாய் இல்லையேடா.”

“சுவத்துல?”

“எறும்பு வந்துரும். எறும்புக்கா ஆக்கிப் போடுறோம்?”

தங்கப்பழம்தான் வழி கண்டுபிடித்தான். “நாம தெனமும் தலைக்கு எண்ணெய் வாங்குறோம். நெய்யத் தலையில தொடச்சா எண்ணெய்க் காசு மிச்சம். நெய்யும் வீணாகாது. தலையும் குளிரும்.”

இவ்வளவு நல்ல யோசனையை இத்தனை வருஷமாக ஏன் ஒளித்து வைத்திருந்தாய் என்று மாஸ்டர் அவனைக் கடிந்துகொண்டார். அன்றிலிருந்து நாலு தலையும் பளபளத்தன.

கூம்பு கழன்ற கசகசா முதல் நாள் மத்தியானமே வாசனை பிடித்துவிட்டது. நாலு பேரும் உண்ட மயக்கத்தில் வரிசையாகப் படுத்துக் குறட்டை விடுவார்கள். பூனை மாஸ்டர் தலையில் ஆரம்பித்து, சின்னமாயன் தலைவரை ஒன்று விடாமல் நக்கி முடித்துவிட்டுத்தான் படுக்கும். அந்த நாக்குக்கு முன்னால் மனுஷ முடி எந்த மூலைக்கு? பொங்கல் முடிந்து பத்து நாள் ஆவதற்குள் நாலு பேர் உச்சந்தலையிலும் திட்டுத் திட்டாகத் தோல் தெரிந்தது. கூடத்துத் தரையில் மறுபடியும் முடி பறந்தது. இந்தத் தடவை கறுப்பு முடி.

மாஸ்டர் கண்ணாடியைப் பார்த்துவிட்டு நடுங்கிப்போனார். “டேய், கசகசாவுக்கு வந்தது நமக்கு வந்துருச்சுடா! நாளன்னிக்கு மொதலாளி வர்றாரு. ஒத்த முடி கண்டாலும் சமையல் போச்சு. பூனைய வெரட்டச் சொல்லுவாரு.”

“டாக்டரம்மாகிட்டப் போவமா?”

“எதுக்கு? சீக்கு ஒண்ணுன்னா மருந்தும் ஒண்ணுதான? கூம்பு மாட்டுவோம்.”

பனை ஓலை வாங்கி வந்தார்கள். பூனைக்கு ஒரு ஜாண் கூம்பு என்றால் மனுஷனுக்கு எவ்வளவு என்று மாஸ்டர் சாப்பாட்டுக் கணக்கில் பெருக்கிப் பார்த்துச் சொன்னார். அந்த அளவில் செய்து மாட்டியதும் யாராலும் வாசலைத் தாண்ட முடியவில்லை. பிறகு வாசலின் அளவுக்கு நறுக்கிக்கொண்டார்கள். அப்படியும் ஆளுக்கொரு பெரிய முறத்தைக் கழுத்தில் மாட்டிய மாதிரிதான் இருந்தது. கை வாய்க்கு எட்டவில்லை. உப்பு பார்க்க வேண்டுமானால் ஒருவர் கூம்பில் இன்னொருவர் நீளக் கரண்டியால் சாம்பாரை ஊற்ற வேண்டும்.

ஆனால் பாருங்கள், வைத்தியம் பலித்துவிட்டது. கூம்பைத் தாண்டிப் பூனையால் தலைக்கு வர முடியவில்லை. மிச்சம் மீதி உதிர்ந்த முடியும் கூம்புக்குள்ளேயே விழுந்தது.

உலகப்பன் வந்தார். வாசலில் நாலு கூம்புகளுக்கு நடுவே நாலு முகங்களைப் பார்த்ததும் ஒரு அடி பின்னால் போனார். பிறகு சமாளித்துக்கொண்டு உள்ளே வந்து தரையைப் பார்த்தார். முட்டி போட்டுக் கட்டிலுக்கு அடியில் பார்த்தார். அண்டாக்களைத் தடவிப் பார்த்தார். பூனையைத் தூக்கி உதறியும் பார்த்தார். ஒரு முடி இல்லை.

“என்னய்யா கழுத்துல?”

“எங்க தலையில இருந்து முடி கீழ விழாம இருக்கிறதுக்கு, முதலாளி.”

உலகப்பன் கண் கலங்கிவிட்டது. “இதுக்குப் பேருதாய்யா சுத்தம்! சமையல் ஒங்களுக்குத்தேன். பூன இங்கயே இருக்கட்டும்.”

மாஸ்டர் கும்பிடப் போனார். கூம்புக்கு அப்பால் கை சேரவில்லை.

வாசல்வரை போன உலகப்பன் திடீரென்று நின்றார். முகம் வெளுத்திருந்தது. “நாச்சிமுத்து, ஒங்க நாலு பேர் முடி விழாது. சரி. பந்தியில வந்து ஒக்கார்ற சனத்துக்கெல்லாம் தலையில முடி இருக்கே! அது இலையில விழுந்தா?”

இந்தக் கோணத்தில் யாரும் யோசித்ததே இல்லை. நாலு பேரும் அவரை மரியாதையோடு பார்த்தார்கள்.

“எத்தன பேருக்குச் சாப்பாடு, முதலாளி?” என்று கேட்டார் மாஸ்டர். கூட்டம் பெரிசு என்றால் அவருக்கு எப்போதும் தெம்பு வந்துவிடும்.

கல்யாணத்தன்று பந்தி வாசலில் தங்கப்பழம் நின்று, வருகிறவர்கள் கழுத்தில் ஒவ்வொரு கூம்பாக மாட்டி உள்ளே அனுப்பினான். “முடி முழுசா வளர்ற வரைக்கும் கழட்டக் கூடாது, டாக்டரம்மா சொல்லியிருக்காங்க” என்று ஒவ்வொருவரிடமும் மறக்காமல் சொன்னான். இது புதுவிதமான வரவேற்பாக்கும், சந்தனம் குங்குமம் மாதிரி என்று சனங்களும் கழுத்தை நீட்டினார்கள். மாப்பிள்ளையின் அப்பா கோட்டைச்சாமிக்கு மட்டும் தனியாக ஜரிகை ஒட்டிய கூம்பு. அவர் தலைப்பாகை அதற்குள் கம்பீரமாக நின்றது.

எல்லோரும் உட்கார்ந்தார்கள். இலை விரித்தாயிற்று. குனிந்தால் இலை தெரியவில்லை, எடுத்தால் கை வாய்க்கு வரவில்லை. பந்தி முழுக்க ஒரு முணுமுணுப்பு எழுந்தது. கோட்டைச்சாமி எழுந்திருக்கப் போவது மாதிரி அசைந்தார். உலகப்பன் அவர் பக்கம் ஓடினார்.

சின்னமாயன் மட்டும் கலங்கவே இல்லை. அவனுக்கு இதில் அனுபவம் உண்டு. முதல் கூம்பின் இடது ஓரத்தில் உப்பு வைத்தான். பக்கத்தில் ஊறுகாய். வலது பக்கம் பொரியல், கூட்டு. நடுவில் தாடைக்கு நேராகச் சோறு. மேலே பருப்பும் நெய்யும். நாக்கை நீட்டினால் போதும். ஒருவர் பார்த்து ஒருவர் ஆரம்பித்தார்கள். ரசம் ஊற்றும்போதுதான் கொஞ்சம் பேர் கழுத்து வழியாகச் சட்டைக்குள் வாங்கிக்கொண்டு அலறினார்கள். பாயசம் யாரையும் அப்படிச் செய்யவில்லை, அது கெட்டியாக இருந்தது.

பந்தி முடிந்ததும் உலகப்பன் வரிசை வரிசையாகப் போய் இலைகளைப் பார்த்தார். எந்த இலையிலும் முடி இல்லை. எந்த இலையிலும் எதுவுமே இல்லை. கோட்டைச்சாமி ஏப்பம் விட்டுவிட்டு, “சம்பந்தி, இலைன்னா இது இலை” என்று சத்தமாகச் சொன்னார். உலகப்பன் ஓடிப் போய் மாஸ்டரைக் கட்டிக்கொண்டார். கூம்பு இருந்ததால் அரைகுறையாகத்தான் கட்டிக்கொள்ள முடிந்தது.

கல்யாணம் முடிந்த மறு வாரம் டாக்டர் மங்கையர்க்கரசி ஆஸ்பத்திரிக் கதவைத் திறந்தார். வாசலில் ஒரு கன்றுக்குட்டிக்கும் இரண்டு ஆடுகளுக்கும் நடுவில், ஜரிகைக் கூம்பு மாட்டிய ஒரு பெரிய மனிதர் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். டாக்டரைக் கண்டதும் எழுந்து, தலைப்பாகையைக் கழற்றிக் காட்டினார். தலை வெண்கலக் குடம் மாதிரி மின்னியது.

“மத்தவங்கெல்லாம் முடி இருக்குன்னு அன்னைக்கே கழட்டிட்டாங்கம்மா. முடி வளர்ற வரைக்கும் கழட்டக் கூடாதுன்னு நீங்க சொன்னீங்களாமே. எனக்கு வழுக்கை விழுந்து காலம் போச்சு. நான் இத எப்பத்தாம்மா கழட்டுறது?”

டாக்டர் ஜரிகைக் கூம்பை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தார். பிறகு உள்ளே கூட்டிப் போய், பூனைகளை வைக்கும் மேசை மேல் உட்காரச் சொன்னார்.

“முடி தானா உதிர்ந்ததா, இல்ல நீங்களே நக்கி எடுத்துட்டீங்களா?”

கோட்டைச்சாமி நேர்மையானவர். நாக்கை வெளியே நீட்டி, மேல்பக்கமாக எவ்வளவு தூரம் போகிறது என்று முயன்று பார்த்துவிட்டுத்தான் பதில் சொன்னார்.

“எட்ட மாட்டேங்குதேம்மா.”